ஜெராக்ஸ் கடையும் ஒரு கான்கிரீட் கட்டியும்: அப்ளைடு ரிசர்ச்னா என்னங்க?

எங்க கடைக் கதவு காத்துல அடிச்சுக்காம இருக்க ஒரு கான்கிரீட் கட்டிய முட்டுக் குடுத்து வச்சிருக்கேன். எல்லாப் பக்கமும் 15 சென்டிமீட்டர், தூக்கினா எட்டு கிலோ இருக்கும். சிவில் படிச்ச ஒரு தம்பி ப்ராஜெக்ட் முடிஞ்ச அன்னைக்கு "அண்ணே, இது ஒண்ணு மிச்சம் ஆயிருச்சு, லேப்ல தூக்கி எறியப் போறாங்க, வேணுமா"ன்னு வண்டியில முன்னாடி வச்சுக் கொண்டாந்து இறக்கிட்டுப் போனது.

நம்ம கடைன்னா ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங். சுத்தி இன்ஜினியரிங் காலேஜ், ஆர்ட்ஸ் காலேஜ், பி.எட் காலேஜ்னு இருக்கறதால மார்ச் பிறந்தா போதும், எம்பிஏ பசங்க, கம்ப்யூட்டர் பசங்க, டீச்சர் ட்ரெய்னிங் புள்ளைங்க, மெட்டீரியல்ஸ் பக்கம் பண்றவங்க எல்லாரும் பென்டிரைவோட வந்து நிப்பாங்க. நான் படிச்சது பி.காம், ஆனா பதினாறு வருஷமா இவங்க ரிப்போர்ட்ட டைப் அடிச்சு அடிச்சு ஒரு மாதிரி மண்டையில ஏறிருச்சு. போன வாரம் ஒரு முதல் வருஷப் பையன் "அண்ணே, அப்ளைடு ரிசர்ச்னா என்னண்ணே, சார் சொன்னது ஒண்ணும் புரியல"ன்னு கேட்டான், அவனுக்குச் சொன்னதத்தான் இங்க எழுதுறேன்.

ரிசர்ச்ல ரெண்டு வகை சொல்லுவாங்க. ஒண்ணு அடிப்படை ஆராய்ச்சி, இது ஏன் இப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கறதுக்காகவே பண்றது. 1888-ல ரெய்னிட்சர்னு ஒரு தாவரவியல்காரர் கேரட்ல இருந்து எடுத்த கொலஸ்ட்ரால்ல பண்ண ஒரு பொருளச் சூடு பண்ணிப் பாத்தாரு, அது ரெண்டு தடவ உருகுற மாதிரி தெரிஞ்சுது, மொதல்ல கலங்கலா ஒரு திரவம், இன்னும் சூடு ஏத்தினா தெளிவா ஒரு திரவம். அதுதான் லிக்விட் கிரிஸ்டல். அவரு டிவி பண்ணணும்னு நெனச்சு உக்காரல, எல்சிடி திரை வர எண்பது வருஷம் ஆச்சு. இன்னொண்ணு அப்ளைடு, அதாவது யாருக்கோ ஒரு தலைவலி இருக்கு, அதுக்கு மருந்து தேடுறது. ரோடு மழையில பேந்து போகுது, புள்ளைங்க படிச்சது பரீட்சைக்குள்ள மறந்து போகுது, கடையில ஆள் வருது ஆனா சரக்கு நகர மாட்டேங்குது, இந்த மாதிரி. கேள்வி வெளிய இருந்து வரும், பதிலும் வெளியதான் போகணும், அவ்வளவுதான் வித்தியாசம், இதுக்கு மேல அந்த டெஃபினிஷன்ல ஒண்ணும் இல்ல.

ஆனா விஷயம் டெஃபினிஷன்ல இல்லைங்க. மருந்து குடுத்தோம், சரியாச்சு, சரி, ஆனா மருந்தாலதான் சரியாச்சுன்னு எப்படித் தெரியும்? அங்கதான் பாதி ரிப்போர்ட் வழுக்கி விழுது.

அந்தக் கட்டி குடுத்த தம்பி ப்ராஜெக்ட் என்னன்னா அனல் மின் நிலையச் சாம்பல், அதான் ஃப்ளை ஆஷ், அத சிமெண்டுக்குப் பதிலா கொஞ்சம் போட்டா கான்கிரீட் தாங்குமான்னு பாக்கறது. இதுக்கு அவன் சாம்பல் போட்ட கட்டி மட்டும் வார்க்கல. சாம்பலே போடாம சாதா கான்கிரீட்லயும் அதே அச்சுல, அதே மணல், அதே ஜல்லி, அதே தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு, அதே நாள்ல, அதே மெஷின்ல நசுக்கி அளந்தான். ஒவ்வொண்ணுலயும் மூணு மூணு கட்டி, ஏன்னா ஒரே கலவையில வார்த்தாலும் மூணும் ஒரே மாதிரி உடையாது, சராசரி எடுக்கணும், அந்த மூணுல ஒண்ணு சராசரியில இருந்து 15 சதவீதத்துக்கு மேல விலகி நின்னா அந்த செட்டையே நம்பக் கூடாதுன்னு விதியே இருக்கு. எங்க கதவுல இருக்கறது அந்தச் சாதா கட்டிதான், சாம்பல் போடாதது. கண்ட்ரோல்னு சொல்லுவாங்க. தமிழ்ல ஒப்பீட்டுக்கு வச்சதுன்னு சொல்லலாம். அதப் பாத்தா ஒண்ணுமே தெரியாது, வெறும் கட்டி, ஆனா அது இல்லாட்டி சாம்பல் கட்டி எத்தன டன் தாங்கினாலும் அந்த நம்பருக்கு அர்த்தமே கிடையாது.

எனக்கு ஆச்சரியம் என்னன்னா சிவில் பசங்களுக்கு இத யாரும் தத்துவமா சொல்லிக் குடுக்கறது இல்ல, "கன்வென்ஷனல் மிக்ஸ் எங்கப்பா"ன்னு கைடு கேப்பாரு, அவனும் வார்த்துருவான். பக்கத்து பில்டிங்ல எம்பிஏ படிக்கறவன் "விளம்பரத்துக்கு அப்புறம் விற்பனை 20 சதவீதம் கூடியது"ன்னு எழுதி தங்க எழுத்துல பைண்டிங் போட்டு எடுத்துட்டுப் போயிருவான், விளம்பரம் இல்லாம இருந்திருந்தா எவ்வளவு கூடிருக்கும்னு ஒரு வரி இருக்காது.

சிரிக்காதீங்க, நானே அப்படித்தான் ஏமாந்தேன். சில வருஷம் முந்தி கடை வாசல்ல பெருசா ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு வச்சேன், கலர் பிரிண்ட் விலை எல்லாம் போட்டு, மார்ச் முதல் வாரம். ஒரே மாசத்துல வியாபாரம் ரெண்டு மடங்கு. வீட்டுல போய் பெருமையா சொன்னேன், போர்டோட ராசின்னு. ஜூன்ல பாத்தா ஈ ஓட்டிட்டு இருக்கேன், போர்டு அங்கயேதான் நிக்குது. மார்ச் ஏப்ரல் ப்ராஜெக்ட் சீசன்ங்கறது கடைய நடத்துற எனக்கே உறைக்கல பாருங்க. முன்ன எவ்வளவு, பின்ன எவ்வளவுன்னு மட்டும் பாத்தா நடுவுல மாறுன எல்லாம் நம்ம கணக்குல வந்து ஏறிக்கும்.

பி.எட் புள்ளைங்க பண்ற ஆக்‌ஷன் ரிசர்ச்சும், அதான் தன் கிளாஸ்ல இருக்கற பிரச்சனைக்குத் தானே வழி தேடிப் பாக்கறது, முக்காவாசி இந்தக் கதைதான். ஒரு பாப்பா வந்துச்சு, ஆறாங்கிளாஸ்ல ல, ள, ழ குழப்பிக்கற பத்துப் புள்ளைங்கள எடுத்து, மூணு வாரம் அட்டை வச்சு விளையாட்டாச் சொல்லிக் குடுத்து, முன்ன ஒரு டெஸ்ட், பின்ன ஒரு டெஸ்ட். 20-க்கு 8 இருந்த சராசரி 15 ஆயிருச்சு. நல்ல வேலைதான், புள்ளைங்களோட உக்காந்து உழைச்சிருக்கு. ஆனா அந்தப் பத்துப் பேர எப்படி எடுத்தீங்கன்னு கேட்டேன், "கிளாஸ்லயே கம்மி மார்க் எடுத்தவங்கண்ணா"ன்னுச்சு. இங்க ஒரு குழி இருக்கு. ஒரு நாள் டெஸ்ட்ல கடைசியா வந்தவங்கள்ல சிலர் நெசமாவே தெரியாதவங்க, சிலர் அன்னைக்குக் காய்ச்சல்ல இருந்தவங்க, சிலர் ஜன்னல் வழியா பிஇடி பீரியடப் பாத்துட்டு இருந்தவங்க. மறுபடி டெஸ்ட் வச்சா இந்த ரெண்டாவது மூணாவது வகை ஆளுங்க தானாவே மேல வந்துருவாங்க, நீங்க அட்டை காட்டினாலும் காட்டாட்டியும். அதோட அந்த மூணு வாரமும் தமிழ் ஐயா சும்மாவா இருந்தாரு, அவரும் பாடம் நடத்திட்டுதான இருந்திருப்பாரு. இதெல்லாம் போக அட்டையால வந்தது எவ்வளவு? அதச் சொல்லணும்னா அதே மாதிரி தடுமாறுற இன்னொரு கூட்டம் அட்டை இல்லாம இருந்திருக்கணும். நம்ம கான்கிரீட் கட்டி மாதிரி.

சரி, ரெண்டு கூட்டமாப் பிரிக்கறது எப்படி? நாமளே பிரிச்சா ஆர்வமா இருக்கற புள்ளைங்கள நம்மள அறியாமலே நம்ம பக்கம் இழுத்துக்குவோம். அதனாலதான் குலுக்கல். உத்திரமேரூர்க் கல்வெட்டுல குடவோலை முறைய ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, பேர் எழுதின ஓலைய எல்லாம் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையன விட்டு எடுக்கச் சொல்லுவாங்க, யாரோட சாய்வும் உள்ள நுழையக் கூடாதுன்னு. ஆராய்ச்சியில குலுக்கறதும் அதே காரணத்துக்குத்தான். அட்டை யாருக்குன்னு குடம் முடிவு பண்ணா, சோம்பேறியும் சுறுசுறுப்பும், காய்ச்சல்காரனும் காய்ச்சல் இல்லாதவனும் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாப் பரவிருவாங்க. ஆள் எண்ணிக்கை கூடக் கூட இது இன்னும் நல்லா நடக்கும்.

கம்ப்யூட்டர்காரங்களுக்கு இது தினப்படி சோறு, ஏ/பி டெஸ்டிங்னு பேரு. வர்ற ஆள்ல பாதிப் பேருக்குப் பழைய பக்கம், பாதிப் பேருக்குப் புதுப் பக்கம், யாருக்கு எதுன்னு குலுக்கல். 2012-ல மைக்ரோசாஃப்ட்டோட பிங் தேடுபொறியில விளம்பரத் தலைப்பக் கொஞ்சம் மாத்திக் காட்டலாம்னு ஒருத்தர் யோசனை சொல்லிருந்தாரு, பெரிய விஷயமாத் தெரியாததால ஆறு மாசத்துக்கு மேல யாரும் கண்டுக்கவே இல்ல. ஒரு இன்ஜினியர், கோடு எழுத அதிக நேரம் பிடிக்காதேன்னு சும்மா எழுதி டெஸ்ட்டுல விட்டாரு. வருமானம் 12 சதவீதம் ஏறிருச்சு, அமெரிக்காவுல மட்டும் வருஷத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல. நான் என் போர்டுக்குப் பண்ண மாதிரி மார்ச்சையும் ஜூனையும் அவங்க ஒப்பிடல, அதே நாள் அதே மணி நேரத்துல வந்த ரெண்டு கூட்டத்த ஒப்பிட்டாங்க, அதனாலதான் அந்த 12-அ நம்ப முடியுது. எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, ஆறு மாசம் அத ஓரமா வச்சவங்க எல்லாரும் அந்த வேலையில ஊறிப்போன ஆளுங்க.

எல்லா எடத்துலயும் குலுக்க முடியாது, அதையும் சொல்லணும். கொரோனாவுல ஸ்கூல் மூடுனதால புள்ளைங்க எவ்வளவு பின்தங்குனாங்கன்னு பாக்க, பாதி ஊருக்கு மட்டும் ஸ்கூல மூடவா முடியும். நம்ம தமிழ்நாட்டுக் கிராமங்கள்லயே இத அளந்திருக்காங்க, கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ மூணு பேரும், கிட்டத்தட்ட 19,000 புள்ளைங்கள வச்சு. 2019-லயே அதே ஊர்கள்ல ஒரு டெஸ்ட் எடுத்து வச்சிருந்தாங்க. அதனால 2021 டிசம்பர்ல எட்டு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியுதுங்கறத, அதே ஊர்ல கொரோனாவுக்கு முந்தி எட்டு வயசா இருந்த புள்ளைக்குத் தெரிஞ்சதோட ஒப்பிட முடிஞ்சுது. இழப்பு பெருசுதான், கணக்குல தமிழ விட அதிகம். ஆனா ஸ்கூல் திறந்து ஆறு மாசத்துக்குள்ள அதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துருச்சு, அப்படித் திரும்பி வந்ததுல 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால வந்ததுன்னு கணக்குப் போட்டாங்க. குடம் இல்லாட்டியும் ஒப்பிட ஒரு ஆள் வேணும், அத அவங்க 2019-ல இருந்து கூட்டிட்டு வந்தாங்க.

அடுத்து ஒண்ணு, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, எப்ப அளக்கறோம்ங்கறது. நம்ம சிவில் தம்பி ஏழாம் நாள் கட்டிய நசுக்கிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தான், சாம்பல் கட்டி சாதா கட்டிய விடக் கம்மி. அவங்க கைடு சிரிச்சுட்டு 28 நாள் பொறுடான்னாராம். சாம்பல் மெதுவாத்தான் வேலை செய்யும், சிமெண்டு தண்ணியோட சேர்ந்து முடிக்கும்போது வெளிய விடுற சுண்ணாம்பப் புடிச்சுத்தான் அது இறுகும், அதனால ஆரம்பத்துல பின்னாடி நிக்கும், நாள் போகப் போக எட்டிப் பிடிக்கும். ஏழாம் நாளோட நிறுத்தியிருந்தா சாம்பல் வேஸ்ட்டுன்னு ரிப்போர்ட் வந்திருக்கும்.

படிப்புலயும் அச்சு அசலா இதே கதை இருக்கு. 2006-ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல இருக்கற வாஷிங்டன் யுனிவர்சிட்டியில ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேர் 120 காலேஜ் பசங்களுக்குச் சின்னப் பாடம் குடுத்தாங்க, ஒண்ணு சூரியன் பத்தி, ஒண்ணு கடல் நீர்நாய் பத்தி. ஒரு பாடத்த ரெண்டு தடவ படிக்கணும். இன்னொண்ண ஒரு தடவ படிச்சுட்டு, மூடி வச்சுட்டு, ஞாபகம் இருக்கறத எழுதணும். அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா ரெண்டு தடவ படிச்சதுல 81 சதவீதம் ஞாபகம் இருந்துச்சு, எழுதிப் பாத்ததுல 75. அடுத்த செட்டுக்கு ரெண்டு நாள் கழிச்சு வச்சாங்க, தலைகீழாப் போச்சு, ரெண்டு தடவ படிச்சதுல 54, எழுதிப் பாத்ததுல 68. ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா 42-க்கு 56. நம்ம பசங்க பரீட்சை ஹால் வாசல்ல நின்னு புரட்டு புரட்டுன்னு புரட்டறாங்களே, அது அஞ்சு நிமிஷக் கணக்குக்குச் சரிதான். ஒரு வாரம் நிக்கணும்னா புக்க மூடிட்டுச் சொல்லிப் பாக்கணும், நம்ம வாத்தியாருங்க ஒப்பிக்கச் சொன்னதுல இந்த நல்லதும் ஒண்ணு இருந்திருக்கு, புரியாம ஒப்பிச்சது வேற கதை. இதுல கூத்து என்னன்னா, அதே ஆய்வோட ரெண்டாவது பாகத்துல திரும்பத் திரும்பப் படிச்சவங்கதான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்னு கூட நம்பிக்கையாச் சொன்னவங்க.

எம்பிஏ பசங்க அடிக்கடி தூக்கிட்டு வர்ற ஆய்வு ஒண்ணு இருக்கு, ஜாம் ஆய்வு. 2000-ல வெளிவந்தது, ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர்னு ரெண்டு பேர். கலிஃபோர்னியாவுல ஒரு பெரிய மளிகைக் கடையில ஜாம் ருசி பாக்க டேபிள் போட்டாங்க, கொஞ்ச நேரம் 24 வகை, கொஞ்ச நேரம் 6 வகை, மாத்தி மாத்தி. 24 வகை இருந்தப்ப கடந்து போனவங்கள்ல 60 சதவீதம் பேர் நின்னாங்க, 6 இருந்தப்ப 40 சதவீதம்தான். ஆனா வாங்குனது? 24 வகையப் பாத்து நின்ன 145 பேர்ல 4 பேர். 6 வகையப் பாத்து நின்ன 104 பேர்ல 31 பேர். ஜவுளிக் கடையில நூறு சேலைய விரிச்சுப் போட்டும் ஒண்ணும் எடுக்காம எந்திரிச்சு வர்ற அம்மாக்களுக்கு இது உடனே புரிஞ்சுரும்.

இதப் படிச்சுட்டு "வகையக் குறைச்சா விற்பனை கூடும்"னு பரிந்துரையில எழுதிருவாங்க. கொஞ்சம் பொறுங்க. அதே மாதிரி ஆய்வு அப்புறம் நிறைய எடத்துல பண்ணாங்க. 2010-ல அப்படி 50 சோதனைகளச் சேர்த்துக் கூட்டிப் பாத்தப்போ சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம். சில எடத்துல அதிக வகை கெடுதல், சில எடத்துல அதிக வகை நல்லது, மொத்தத்துல ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிச்சு. ஜாம் ஆய்வு பொய்யின்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அந்தக் கடையில அந்த நாள்ல நடந்தது நடந்ததுதான். ஆனா ஒரு கடை ஒரு கடைதான். ரோட்டுக்கடை பரோட்டா மாஸ்டர் மெனுவ ஆறாக் குறைக்கறதுக்கு அந்த ஒரு ஆய்வ மட்டும் கையில வச்சுட்டுப் போய்ச் சொன்னா கரண்டிய வீசுவாரு, வீசணும்.

மெட்டீரியல் பக்கம் இந்த "லேப்ல ஆச்சு, வெளிய ஆகுமா" பிரச்சனைய நல்லாப் பாக்கணும்னா நம்ம மதுரை பிளாஸ்டிக் ரோட்டப் பாக்கணும். தியாகராஜர் இன்ஜினியரிங் காலேஜ் கெமிஸ்ட்ரி பேராசிரியர் வாசுதேவன், 2018-ல பத்மஸ்ரீ வாங்குனவரு. தார்ல பிளாஸ்டிக்கக் கரைக்கறதுக்குப் பதிலா அவரு கல்லப் பிடிச்சாரு. ஜல்லிய 170 டிகிரி பக்கம் சூடு பண்ணி, அதுமேல துண்டு துண்டா நறுக்கின பைய தூவினா, அது உருகி ஜல்லிக்குச் சட்டை போட்ட மாதிரி ஒட்டிக்கும், அதுக்கப்புறம் தார். தார்ல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு மிச்சம். பைப்பு பண்ற பிவிசி பிளாஸ்டிக் மட்டும் ஆகாது, சூட்டுல அமில வாயு விடும்.

இத எப்படி நிரூபிக்கறதுங்கறது அழகு. சாதா தார் பூசின ஜல்லி ஒண்ணு, பிளாஸ்டிக் சட்டை போட்டுத் தார் பூசினது ஒண்ணு, ரெண்டையும் 40 டிகிரி தண்ணியில 24 மணி நேரம் ஊறப் போடணும், எதுல தார் உரிஞ்சு கல்லு பல்லக் காட்டுதுன்னு பாக்கணும். மழையில ரோடு ஏன் பேந்து போகுதுங்கறதோட சின்ன வடிவம் அது, ஒரு பீக்கர்ல. அடுத்து கலவைய உருளையா இடிச்சு, வெயில்ல வேகற ரோடு மாதிரி 60 டிகிரி தண்ணியில முப்பது நாப்பது நிமிஷம் வச்சு எடுத்து அமுக்கிப் பாக்கணும், மார்ஷல் டெஸ்ட்டுன்னு பேரு. ஆனா பீக்கர்ல லாரி ஓடாது. அதனால ரோடாவே போட்டு, வருஷக் கணக்கா மழையிலயும் வெயில்லயும் விட்டுப் பாத்தாங்க, 2013-ல ரோடு போடறதுக்கு விதிமுறை வகுக்கற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்ங்கற அமைப்பு இதுக்குன்னே வழிமுறை புத்தகம் போட்டுச்சு. ரோடு தேயத் தேய நுண் பிளாஸ்டிக் மண்ணுக்கும் தண்ணிக்கும் போகாதான்னு இப்ப கேக்கறாங்க, அதுவும் நியாயமான கேள்விதான், அதுக்கு வேற அளவுகோல் வேணும், மார்ஷல் டெஸ்ட் அதுக்குப் பதில் சொல்லாது.

கடைசியா, பசங்க பிரிண்ட்ல வர்ற அந்த பி வேல்யூ. "0.03 வந்துருச்சுண்ணே, சிக்னிஃபிகண்ட்"னு துள்ளுவாங்க. அதுக்கு அர்த்தம் இதுதான்: நெசத்துல வித்தியாசமே இல்லேன்னு வச்சுக்குவோம், அப்பவும் வெறும் அதிர்ஷ்டத்துல இவ்வளவு பெரிய இடைவெளியோ இதுக்கு மேலயோ வர்றதுக்கு நூத்துல மூணு வாய்ப்பு. அவ்வளவுதான். வித்தியாசம் பெருசுன்னோ உபயோகமானதுன்னோ அது சொல்லல. ஒப்பீடே இல்லாத டேபிள்ல 0.001 வந்தாலும் என் போர்டு ராசி கதைதான். நெசத்துல வித்தியாசமே இல்லாட்டியும், இருபது கேள்விய மாத்தி மாத்திப் போட்டா சராசரியா ஒண்ணு, சிக்னிஃபிகண்ட்னு சொல்ல வழக்கமா வச்சிருக்கற 0.05-ங்கற கோட்டுக்குக் கீழ விழும், அத மட்டும் எடுத்து ரிப்போர்ட்ல வைக்கற வித்தையும் இந்தக் கவுண்டர்ல நிறையப் பாத்திருக்கேன், நான் டைப் அடிக்கற ஆளு, வாயத் தொறக்கறது இல்ல.

அந்த ல, ள, ழ பாப்பா இப்ப எம்.எட் படிக்குது. ரெண்டு வாரம் முந்தி வந்து, அட்டை இருபது பேருக்கு, சாதா பயிற்சித்தாள் இருபது பேருக்குன்னு பிரிண்ட் எடுத்துச்சு. பேரெல்லாம் சீட்டுல எழுதி டிபன் பாக்ஸ்ல போட்டு ஒண்ணாங்கிளாஸ் பையன விட்டு எடுக்கச் சொன்னுச்சாம். டெஸ்ட் பேப்பர் ரெண்டு செட்டாக் கேட்டுச்சு, ஒண்ணு மூணு வாரம் முடிஞ்ச அன்னைக்கு, இன்னொண்ணு பொங்கல் லீவு முடிஞ்சு வந்தப்புறம் வைக்கவாம். ரெண்டாவது செட்ட கவர்ல போட்டு ஒட்டி எங்கிட்டயே குடுத்துட்டுப் போயிருக்கு, வீட்டுல இருந்தா தம்பி எடுத்து கிறுக்கிருவானாம். லேமினேஷன் மெஷின் பக்கத்துல இருக்கு.